அதில் ஒரு இக்கு

சுருக்கமாகச் சொன்னால் போதாதாம். விளக்கமாக எழுத வேண்டுமாம். எனக்கு வளவளவென்று பேசிப் பழக்கமில்லை. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவன். ஏறு, இறங்கு, உள்ளே தள்ளி நில்லு. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சொல்ல இருக்கிறது? இருந்தாலும் எழுதுகிறேன்.

கடை என்றால் அதற்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். இது எல்லாரும் ஒத்துக்கொள்கிற விஷயம் என்று நினைத்திருந்தேன்.

என் மகளும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வணிக வளாகத்தில் செருப்புக் கடை வைத்தார்கள். இரண்டாம் மாடி. நகரும் படிக்கட்டின் முதுகுப் பக்கம். கழிப்பறைக்குப் போகிற வழி. வளாகத்துக்காரர்கள் அந்த இடத்துக்கு 'அமைதி முனை' என்று பெயர் வைத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். பொய் சொல்லவில்லை. ஈகூட அங்கே சத்தம் போடாமல்தான் வந்து போனது. வருகிற மனிதர்கள் எல்லாரும் அவசரத்தில் வந்தார்கள். திரும்பும்போது கையை உதறிக்கொண்டே போனார்கள். ஒருவரும் கடைப் பக்கம் தலையைத் திருப்பவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை. குறித்த கெடுவுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பலகை மாட்டாத கடை காலி செய்ய வேண்டும். எதிரே பெரிய கம்பெனியின் செருப்புக் கடை ஒன்று இருந்தது. எங்கள் இடம் காலியானால் சரக்கு அடுக்கலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அதன் மேனேஜர் அடிக்கடி வருவார். சிரித்த முகம். "இந்த மூலையில ஒரு பீரோ நிக்கும் இல்லம்மா?" என்று என் மகளையே கேட்பார்.

பஸ் ஓட்டினவனுக்குப் பலகையின் அருமை தெரியும். பலகை இல்லாத வண்டியில் எவனும் ஏற மாட்டான். தப்பித் தவறி ஏறினவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.

"நீங்க சும்மாதானே இருக்கீங்க. நீங்களே போய் அந்த பலகை வேலையை முடிச்சிட்டு வாங்கப்பா" என்றாள் மகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் வைக்கிற பெயர் 'சும்மா'. போனேன்.

பெயர்ப்பலகை ஒழுங்குமுறை அலுவலகம் வளாகத்தின் பின்பக்கம் என்றார்கள். பின்பக்கம் முழுவதும் அலைந்தேன். ஒரு வாசலில் நின்ற காவலாளியிடம் கேட்டேன். அப்படி ஓர் அலுவலகத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றான். அந்த அலுவலகத்துக்குத்தான் அவன் காவல். உள்ளே ஒருவர் மேஜையில் அளவு டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். அவர்தான் அளவு அலுவலர். ஊரில் அவருக்கு 'டேப்பு' என்று பெயர்.

வாசலில் ஏன் பலகை இல்லை என்று கேட்டேன்.

"எங்க ஆபீஸ் பேரு ரொம்ப நீளம் சார். விதிப்படி வராது. விதிவிலக்கு கேட்டு எழுதியிருக்கோம்."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

"என்ன ஆச்சு?"

"பரிசீலனையில இருக்கு. நாங்க அவ்வளவு சுலபமா குடுத்துட மாட்டோம்" என்றார் பெருமையாக.

விதிகளைச் சொன்னார். பலகையில் ஆறு எழுத்துக்கு மேல் கூடாது. எழுத்தின் உயரம் ஒரு சாணுக்கு மேல் கூடாது. சுவர் சாம்பல் நிறம். எழுத்தும் சாம்பல் நிறம். இது ஏன் என்றால், ஒரு வடிவமைப்பு நிபுணர் வந்து, பலகை என்பது கண்ணைக் குத்தக் கூடாது, மனசைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவருடைய மூக்குக் கண்ணாடியே இங்கேயுள்ள கடைகளைவிட விலை அதிகம் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

எதிர்க்கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு சிவப்பு பூட்ஸ் நிற்கிறதே, அது மட்டும் மனசைத் தொடுகிறதா என்று கேட்டேன். அது பலகை இல்லையாம். சிற்பமாம்.

பெயருக்கு வருவோம். காலணி என்று வைத்தால் மூன்றே எழுத்து. ஆனால் எதிர்க்கடைக்காரர்கள் காலணி, பாதம், பாதுகை, நடை, அடி, தடம் எல்லாவற்றையும் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டிருந்தார்கள். செருப்பு என்ற ஒரு சொல்லைத்தான் தொடவில்லை. கௌரவக் குறைவாம். செருப்பு விற்றுத்தான் சாப்பிடுகிறார்கள்.

சரி, 'செருப்பு' என்று மட்டும் போடுங்கள் என்றேன். டேப்பு ஒப்பவில்லை. சுவரில் வெறுமனே செருப்பு என்று எழுதினால் போகிற வருகிறவர்களை ஏசுவது போல இருக்குமாம். கடை என்ற சொல்லும் கூட வந்தால்தான் கண்ணியமாம்.

'செருப்புக் கடை' என்று எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து எண்ணினார். ஏழு வந்தது.

"ஒண்ணு ஜாஸ்தி சார். நடுவுல நிக்குதே இந்த இக்கன்னா, இதை எடுத்துடுங்க. அது இல்லாமலே எல்லாருக்கும் புரியும்."

எடுத்தேன். அதற்கு அடுத்த மேஜையில் ஒருவர் இருந்தார். மொழித் தூய்மை அலுவலர். 'ஒற்று' என்று பட்டப்பெயர். பெயர்ப்பலகைகள் பிழையற்ற தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தைப் பார்த்ததும், சாப்பாட்டில் கல் கடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"செருப்பு கடையா? சந்தி எங்கே?"

"சந்தி வெளியே, ரோட்டில் இருக்கு" என்றேன்.

"ஐயா, இந்த இடத்துல வல்லினம் மிகும். க் போடாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். தமிழைக் கொல்றதுக்கு நான் துணை போக முடியாது."

க் போட்டுக்கொண்டு டேப்பிடம் போனேன். ஏழு என்றார். எடுத்துக்கொண்டு ஒற்றிடம் போனேன். பிழை என்றார். இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் குவளைதான் இருந்தது. ஒருவர் குடித்துவிட்டு மற்றவருக்கு நகர்த்துவார். அவ்வளவு ஒற்றுமை. ஆனால் என் விஷயத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. துறை வேறாம்.

கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி காட்டினார்கள். ஏழாவது எழுத்துக்கு விதிவிலக்குக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'ஒரு க் வேண்டும். கொடுங்கள்.' கையெழுத்துப் போட்டேன். டேப்பு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா சார்?"

"கேக்கறது அரை எழுத்து. அதுக்குக் காவியம் வேணுமா?"

வாங்கி முத்திரை குத்தினார். தீர்ப்பு வருகிறவரை கெடு தள்ளிப்போகும் என்றார்.

விதிவிலக்கு கேட்டால் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். மறுநாள் இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். கடையின் முகப்பு முழுவதையும் மறைத்து மஞ்சள் துணி ஒன்றைக் கட்டினார்கள். அதில் சிவப்பு எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒரு பிள்ளை உயரம். பலகைக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்று விதி; அறிவிப்புக்கு இத்தனைக்குக் கீழே கூடாது என்று விதி. வளாகத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டுமாம்.

'எச்சரிக்கை! இவ்விடத்தில் செருப்புக் கடை நடத்துபவர்கள் தங்கள் பெயர்ப்பலகைக்கு விதிவிலக்கு கோரியுள்ளனர். ஆட்சேபிக்க விரும்பும் பொதுமக்கள் நேரில் வந்து பார்வையிடலாம்.'

என் மகள் அந்த ஆட்களைக் கேட்டாள், இதில் மட்டும் க் போட்டிருக்கிறீர்களே, இது கணக்கில் வராதா என்று. இது பலகை இல்லை, அறிவிப்பு என்று விளக்கினார்கள்.

பொதுமக்கள் நேரில் வந்து பார்வையிட்டார்கள். அவர்களை எதையாவது ஆட்சேபிக்கச் சொன்னால் போதும், குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். வந்தவர்கள் எதை ஆட்சேபிக்க வேண்டும் என்று தெரியாமல் முழித்தார்கள். வெறுங்கையோடு போக மனசில்லாமல் ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை உட்கார நேரமில்லாமல் நின்றார். எதிர்க்கடை மேனேஜர் பீரோவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

இதைப் பார்த்த மற்றக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எல்லாரும் ஏதாவது ஒரு விதிவிலக்கு கேட்டார்கள். துணிக்கடைக்காரர் எட்டாவது எழுத்து கேட்டார். நகைக்கடைக்காரர் ஒரு காற்புள்ளி கேட்டார். முடிவெட்டுகிறவர் எதுவும் தேவைப்படாத நிலையில், எதிர்காலத்தில் தேவைப்படலாம் என்று கேட்டார். ஒரே வாரத்தில் வளாகம் முழுவதும் மஞ்சள் துணி. வடிவமைப்பு நிபுணர் பார்த்திருந்தால் மனசு மட்டுமில்லை, உடம்பு முழுக்கத் தொட்டிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதுக் கவலை. தீர்ப்பு வந்துவிட்டால் துணியைக் கழற்றிவிடுவார்கள். மனுவைத் திரும்ப வாங்கினாலும் கழற்றிவிடுவார்கள். தீர்ப்பு வரக் கூடாது, மனுவும் சாகக் கூடாது, கெடு மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்க வேண்டும். இந்த மாதிரி நிலையில் ஒரு விஷயத்தை வருஷக்கணக்கில் வைத்திருப்பது அரசாங்கத்துக்குக் கைவந்த கலை. நமக்கு வேண்டும்போதுதான் அவர்களுக்குச் சுறுசுறுப்பு வருகிறது. விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

ஆட்சேபணை வந்தால் தள்ளிவைப்பார்கள் என்று காவலாளி சொன்னான். ஆட்சேபிக்க ஆள் தேடினோம். வந்தவர்கள் எல்லாரும் நல்ல செருப்பு என்கிறார்கள். வேறு வழியில்லை. நானே போனேன்.

குழுவின் தலைவர் ஒரு பெண்மணி. எதையும் மதிய உணவுக்கு முன் முடித்துவிடுகிறவர் என்று பெயர் எடுத்தவர். மணியைப் பார்த்துக்கொண்டே ஆட்சேபணை யாருக்கும் உண்டா என்று கேட்டார். எழுந்தேன்.

"நீங்க யாரு?"

"பொதுமக்கள்."

"மனுவில கையெழுத்து போட்டதும் நீங்கதானே?"

"அது மாமனார். இது பொதுமக்கள்."

தலைவர் இதை ஏற்றுக்கொண்டார். அவரே அந்த அலுவலகத்தில் மூன்று பதவி பார்த்தார். காலையில் ஒரு நாற்காலியிலிருந்து எழுதிய கடிதத்துக்கு மாலையில் இன்னொரு நாற்காலியிலிருந்து கண்டிப்பாகப் பதில் எழுதுவார்.

"உங்க ஆட்சேபணை எது மேல?"

"மாப்பிள்ளை மேல."

"அது எல்லா மாமனாருக்கும் இருக்கறதுதான். க் மேல ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"யோசிக்கணும். இன்னொரு நாள் குடுங்க."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த ஒற்று முன்னால் வந்தார். "க் அரை மாத்திரைதான் அம்மா. கண்ணிமைக்கிற நேரத்துல பாதி. அதை யோசிக்க எதுக்கு ஒரு நாள்?"

தமிழ் படித்தவனால் எனக்கு நேர்ந்த முதல் கெடுதல் அது. ஆட்சேபணை தள்ளுபடி. ஆணை வாசிக்கப்பட்டது. 'மனுதாரர் கோரியுள்ள க் என்னும் எழுத்து அனுமதிக்கப்படுகிறது. அவர் கோராத வேறு எந்த எழுத்தும் அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படலாகாது. மேற்படி எழுத்து மனுதாரரின் கடைக்கு மட்டுமே உரியது. பிறர் எவருக்கும் பொருந்தாது.'

அன்று சாயங்காலமே துணியைக் கழற்றினார்கள். சாம்பல் சுவரில், ஒரு சாண் உயரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரே ஓர் எழுத்தைப் பதித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

க்

மகள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, மனுவில என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"வேண்டியதை."

"என்ன வேணும்னு எழுதினீங்க?"

"க்."

அவள் அப்புறம் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை பேசினார். அதுதான் பொறுக்கவில்லை. "பரவாயில்ல மாமா" என்றார். ஒரு மனிதனை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது.

மிச்ச ஆறு எழுத்துக்கும் மனு போடலாமா என்று டேப்பிடம் கேட்டேன். அது க் இல்லாத ஆறு, ஆகவே பிழை, ஒற்று ஒப்ப மாட்டார் என்றார். க் சேர்த்து ஏழும் கேட்டால்? க் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, ஒரே எழுத்தை இரண்டு தடவை கொடுக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று நான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட பலகை இருந்ததால் கடையைக் காலி செய்யச் சொல்ல முடியவில்லை. ஆட்களும் வரவில்லை. பழையபடி கழிப்பறைக்குப் போகிறவர்கள்தான். மகள் கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பழைய வேலைக்கே திரும்பிப் போகலாமா என்று மாப்பிள்ளை யாரிடமோ தணிந்த குரலில் விசாரித்தார்.

அப்போதுதான் அந்த இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கிழிந்த பேண்டு. கிழிசலுக்குத் தனி விலை கொடுத்து வாங்கியது. ஒருவன் சுவரை நிமிர்ந்து பார்த்தான். இந்த எழுத்தைத் தனியாகச் சொன்னால் விக்கல் மாதிரி வரும். அவனுக்கும் வந்தது.

"இக்... இது எந்த பிராண்டு?"

என் மகள் அவனை மெதுவாக ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்விக்குத் தெரியாது என்று பதில் சொன்ன இளைஞனை நான் என் வண்டியில் ஏற்றியதில்லை. "தெரியும், தெரியும்" என்றான். ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கினார்கள். மறுநாள் அவர்களுக்குத் தெரியும் என்று தெரிந்தவர்கள் வந்தார்கள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் ஒரு ஜோடி வாங்கியிருப்பீர்கள். இதே செருப்பு, செருப்புக் கடையில் இருந்தபோது யாரும் சீண்டவில்லை. 'இக்' ஆனதும் வரிசையில் நின்றார்கள். விலையை மூன்று மடங்கு ஏற்றியதும் வரிசை இன்னும் நீண்டது. கால் கடித்தால், கடிப்பதுதான் அதன் தனித்தன்மை என்று மகள் சொன்னாள். பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பெருமையாக நடந்தார்கள்.

எதிர்க்கடைக்காரர்கள் சிற்பத்தை உடைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டு 'ச்' என்று மாட்டினார்கள். உச்சுக்கொட்டுவது போல இருந்தாலும் கூட்டம் வந்தது. அவ்வளவுதான். வளாகமே புள்ளி எழுத்துக்குப் பறந்தது. 'ழ்' எழுத்துக்காக அழகு நிலையக்காரரும் உணவகக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். புள்ளி வைத்த எழுத்து பதினெட்டுத்தான். கிடைக்காதவர்கள் வாடகையைக் கட்டிக்கொண்டு பெயரில்லாமல் இருந்தார்கள். சில நாளில் அதுதான் எல்லாவற்றையும்விட உயர்ந்த நாகரிகம் என்று ஆகிவிட்டது. 'ங்' மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதைப் பெயர்ப்பலகை ஒழுங்குமுறை அலுவலகமே எடுத்துக்கொண்டது. கடைசியில் அதன் வாசலிலும் ஒரு பலகை வந்துவிட்டது. இப்போதும் யாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

எது என்ன கடை என்று தெரியாமல் ஜனங்கள் பல் வலிக்கு நகைக்கடையில் போய் வாயைத் திறந்தார்கள். ஆகவே அலுவலகம் வளாக வாசலில் ஒரு வழிகாட்டிப் பலகை நட்டது. பார்த்தேன். 'செருப்பு கடை, துணி கடை, நகை கடை' என்று இருந்தது. பஸ்காரனாகிய எனக்கே உறுத்தியது. பக்கத்தில் ஒற்று நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்னய்யா இது, ஒரு இடத்திலும் சந்தி இல்ல?"

"எப்படிப் போடறது? க் உங்க மாப்பிள்ளை கடைக்கு மட்டுமே உரியதுன்னு ஆணையில இருக்கே. பிறர் எவருக்கும் பொருந்தாது. நானே பக்கத்துல நின்னு கேட்டேன்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மகளும் மாப்பிள்ளையும் என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். 'இக்' பெரிதானதும் பெரிய வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாடி காலி. கீழே நான் ஒருவன். சம்பாதித்த காலத்தில் சேர்த்ததெல்லாம் அந்த மாடிதான். வாடகை வந்தால்தான் எனக்கு மாதம் ஓடும். ஓர் அட்டையில் 'மாடி வாடகைக்கு' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன்.

டேப்பு வந்தார். விதிகளை இப்போது வீடுகளுக்கும் நீட்டியிருக்கிறார்களாம். விரல் வைத்து எண்ணினார். மாடி வாடகைக்கு. ஏழு.

"இந்த இக்கன்னாவை எடுத்துடுங்க சார்."

"எடுத்தா 'வாடகைகு'ன்னு வரும். ஒற்று விடுவாரா?"

"விட மாட்டார். ஆனா வச்சிக்கவும் முடியாது. அதுக்கு உரிமையாளர் இருக்கார். அவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க." அட்டையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளையின் அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் ஒரு பெண், முன்கூட்டியே சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டாள். கல்யாணத்தின்போது சொன்னேன் என்றேன். உட்காரச் சொன்னாள். எனக்கு முன்னால் துணிக்கடைக்காரரும் நகைக்கடைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரு க் கேட்டு வந்தவர்கள்தான்.

உள்ளே கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை எழுந்து நின்று வரவேற்றார். மரியாதைக்குக் குறைவில்லை. சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். சாம்பல் சுவருக்கு முன்னால் தலை மட்டும் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். விரல் நுனிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டார். அந்த மாதிரி விரல் வைத்துக்கொள்ள எங்கே கற்றார் என்று தெரியவில்லை. நாற்காலியே கற்றுக்கொடுத்திருக்கும்.

"உங்களுக்கு இல்லாததா மாமா? ஆனா உங்களுக்குச் சும்மா குடுத்தா வெளியே உக்காந்திருக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஒரு நடைமுறைன்னு இருக்கு. எழுதிக் குடுங்க, பரிசீலிக்கிறோம்."

"மாப்பிள்ளை, எனக்குத் தேவை ஒரே ஒரு க்."

"தெரியும் மாமா. ஆனா போன தடவை மாதிரி சுருக்கமா எழுதிடாதீங்க. எல்லாம் புரியற மாதிரி, ஆரம்பத்திலிருந்து, கொஞ்சம் விளக்கமா எழுதுங்க."

எழுதிவிட்டேன். இதற்குள் அந்த எழுத்து எத்தனை தடவை வந்திருக்கிறதோ, மாப்பிள்ளை எண்ணிக்கொள்ளட்டும். மாடி காலியாகக் கிடக்கிறது. ஒரு க் வேண்டும். கொடுங்கள்.

மனுவின் அடியில் 'இப்படிக்கு' என்று போட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதிலும் ஒரு இக்கு இருக்கிறது. அனுமதி வந்ததும் போட்டுக்கொள்கிறேன்.